படுக்கையறையில் ஊட்டி காற்று: ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கினால் மாரத்தான் வேகம் கூடுமா?

2025 மே 16 அன்று லண்டனில் விமானம் ஏறிய 4 பிரிட்டன்காரர்கள், மே 21 காலை எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். வழக்கமாக இந்த மலைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும். அடிவார முகாமுக்கும் மேல் முகாம்களுக்கும் ஏறி இறங்கி, குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பைப் பழக்கியாக வேண்டும். இவர்கள் 5 நாளில் எப்படி முடித்தார்கள்?

பயணத்துக்கு முன் செனான் வாயுவைச் சுவாசித்ததுதான் உலகச் செய்தியானது. அதைவிட முக்கியமான ஒரு தகவல் பெரிதாகப் பேசப்படவில்லை. புறப்படுவதற்கு முன் பல வாரங்கள், அவர்கள் தங்கள் வீட்டிலேயே ஆக்சிஜன் குறைந்த கூடாரத்துக்குள் தூங்கியிருந்தார்கள்.

இந்தக் கூடாரம் மலையேறுபவர்களுக்கு மட்டுமானதல்ல. மாரத்தான் ஓட்டக்காரர்கள், சைக்கிள் வீரர்கள், நீச்சல் வீரர்கள் எனப் பலரும் பயன்படுத்துகிறார்கள். லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012-ல் மைக்கேல் ஃபெல்ப்ஸ், தான் இப்படி ஓர் அறைக்குள்தான் தூங்குவதாகத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆரில் தெற்கே வந்தால், ஆரோவில்லை ஒட்டி குயிலாப்பாளையம். கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு செம்மண் மேடு. சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானுக்காகவே சென்னை, புதுச்சேரி, பெங்களூரிலிருந்து ஐ.டி. ஊழியர்கள் வருகிறார்கள். மலைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே இருக்கும் ஓர் ஓட்டக்காரர் காசு கொடுத்து ‘உயரத்தை’ வாங்கினால் பலன் இருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூடாரத்துக்குள் என்ன நடக்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன். ஊட்டியிலும் அதே 21 சதவீதம்தான். ஆனால் உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில், கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு.

கூடாரம் இதையே வேறு வழியில் செய்கிறது. காற்றழுத்தத்தை மாற்றாமல் ஆக்சிஜன் விகிதத்தை மட்டும் குறைக்கிறது. கட்டிலைச் சுற்றி கொசுவலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடாரம். வெளியே ஒரு இயந்திரம். அது அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனில் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டு, நைட்ரஜன் அதிகமுள்ள காற்றைக் குழாய் வழியாக உள்ளே அனுப்புகிறது. கொரோனா காலத்தில் வீடுகளில் பார்த்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே நுட்பம்தான். அதில் ஆக்சிஜனை மூக்குக்குக் கொடுத்து நைட்ரஜனை வெளியே விடுவார்கள். இதில் அது தலைகீழ். உள்ளே ஆக்சிஜனை 16 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஊட்டி. 15 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நிறுத்தினால் 2,500 மீட்டர்.

இதனால் உடம்புக்கு என்ன? ஆக்சிஜன் போதவில்லை என்று தெரிந்ததும் சிறுநீரகம் ‘எரித்ரோபொய்ட்டின்’ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சுருக்கமாக ஈ.பி.ஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை அதிகம் உருவாக்கச் சொல்கிறது. சிவப்பணு கூடினால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனும் கூடும். ஓட்டக்காரருக்கு அதுதான் பெட்ரோல். செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மலையிலேயே போய் ஓடினால் என்ன?

ஓடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1968 ஒலிம்பிக்ஸ் மெக்சிகோ நகரில் நடந்தது. அதன் உயரமும் ஊட்டியைப் போலவே சுமார் 2,240 மீட்டர். அப்போது 10,000 மீட்டர் உலக சாதனை 27 நிமிடம் 39 நொடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27 நொடி. அந்த உலக சாதனைக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து தரையில் சரிந்தார். மலையில் பிறந்து வளராதவர்கள் அங்கே தங்கள் முழு வேகத்தில் ஓடவே முடியாது. வேகமாக ஓட முடியாவிட்டால் கால் தசைக்குக் கிடைக்கும் பயிற்சியும் குறையும்.

இதற்கு விடையாக வந்ததுதான் ‘மேலே தூங்கு, கீழே ஓடு’ என்ற முறை. அமெரிக்க ஆய்வாளர்கள் பெஞ்சமின் லெவைனும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ரொம்ப முக்கியமானது. 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து 4 வாரம் பயிற்சி செய்தவர்கள், 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 13.4 நொடி முன்னேறினார்கள். மேலேயே தங்கி மேலேயே ஓடியவர்களுக்கும் சிவப்பணு கூடியது. ஆனால் ஓட்ட நேரம் முன்னேறவில்லை.

கூடாரம் பிறந்ததற்கும் இதுதான் காரணம். தினமும் மலை ஏறி இறங்க முடியாதவர்களுக்கு, படுக்கையறையையே மலையாக மாற்றிக் கொடுப்பது.

அப்படியானால் கூடாரம் வேலை செய்கிறது, இல்லையா?

இங்கேதான் கவனிக்க வேண்டும். லெவைன் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தூங்கியது நிஜமான மலையில். தூங்கும்போது மட்டுமில்லாமல், சாப்பிடும்போது, பேசும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர்கள் மேலேதான் இருந்தார்கள். கூடாரத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? காலை 9 மணிக்கு ஆபீஸ் போகிறவருக்கு 7, 8 மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு இது: 100 மணி நேரத்துக்கு உடம்பிலுள்ள மொத்த ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். மலையில் 4 வாரம் இருந்தால் 500, 600 மணி நேரம் சுலபமாகச் சேர்ந்துவிடும். தினம் 8 மணி நேரம் கூடாரத்தில் படுத்தால் 4 வாரத்துக்கு 224 மணி நேரம். அதாவது 2 சதவீதத்தைத் தாண்டுவதே கஷ்டம். அதனால்தான் தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இத்துறை ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு நம்பிக்கையை மேலும் குறைக்கிறது. 2012-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற 16 சைக்கிள் வீரர்களை 4 வாரம், தினம் 16 மணி நேரம் அறைகளில் தங்க வைத்தார்கள். சிலர் அறையில் 3,000 மீட்டருக்குச் சமமான காற்று, சிலர் அறையில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்பது வீரர்களுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் ஹீமோகுளோபினிலும் சரி, வேகத்திலும் சரி, இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘நான் ஸ்பெஷலான கூடாரத்தில் தூங்குகிறேன்’ என்ற நினைப்பே பலரை வேகமாக ஓட வைத்திருக்கலாம் என்ற கேள்வியை இது எழுப்பியது.

பலன் கண்ட ஆய்வுகளும் இருக்கின்றன. ஒரே உயரத்துக்கு ஒருவர் உடம்பு நன்றாக எதிர்வினை காட்டும், இன்னொருவர் உடம்பு அசையவே அசையாது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே ‘வேலை செய்யவே செய்யாது’ என்று தள்ளிவிட முடியாது. ‘நிச்சயம் வேலை செய்யும்’ என்று விற்பவர் சொன்னால் அதையும் நம்ப வேண்டியதில்லை.

கிடைக்கும் பலனும் நிரந்தரமில்லை. கூடாரத்தை விட்டு வெளியே வந்த சில வாரங்களில் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டிசம்பரில் படுத்துவிட்டு அடுத்த மே மாதம் பலனை எதிர்பார்க்க முடியாது.

நம்ம கடற்கரையில் இது சரிப்படுமா?

கூடாரத்தை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது குளிர் நாட்டுப் படுக்கையறை. குயிலாப்பாளையத்தில் மே மாத இரவில்கூட வெப்பம் பெரிதாக இறங்காது. கடல் காற்றில் ஈரப்பதமும் அதிகம். மூடிய பிளாஸ்டிக்குக்குள் உடம்புச் சூடும் மூச்சின் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏ.சி. இல்லாமல் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

கரன்ட் கணக்கையும் போடுவோம். இயந்திரம் 500 வாட் எடுக்கிறது, இரவுக்கு 10 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் தினம் 5 யூனிட். இரண்டு மாத பில்லில் 300 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இயந்திரம் மட்டுமே மூன்று வாரத்தில் தின்றுவிடும். ஏ.சி. செலவு தனி. கூடாரமும் இயந்திரமும் வெளிநாட்டிலேயே சில ஆயிரம் டாலர். கப்பல் கட்டணம், சுங்கம் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போய் நிற்கும்.

நடுராத்திரி கரன்ட் போச்சுன்னா? இயந்திரம் நின்றால் புதுக் காற்று வருவதும் நிற்கும். நாம் வெளிவிடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கத் தொடங்கும். தலைவலியோடு விழித்துக்கொள்பவர் உண்டு, அசந்து தூங்கிக்கொண்டே இருப்பவரும் உண்டு. யூ.பி.எஸ். இல்லாமல், அலாரம் இல்லாமல், வீட்டில் வேறு யாரும் இல்லாமல் இதில் படுப்பது ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு தூக்கம். ஆக்சிஜன் குறைந்த காற்றில் மூச்சு சீராக இருக்காது. அடிக்கடி விழிப்பு வரும். இயந்திரத்தின் இரைச்சல் வேறு. பயிற்சியில் களைத்த தசையை உடம்பு சரிசெய்வது தூக்கத்தில்தான். 2 சதவீத ஹீமோகுளோபினுக்காக தினமும் ஒன்றரை மணி நேர நல்ல தூக்கத்தை விட்டுக்கொடுத்தால், கணக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

இது ஊக்கமருந்து மாதிரி ஏமாற்று வேலை இல்லையா?

ஈ.பி.ஓ.வை ஊசியாகப் போட்டுக்கொண்டால் தடை. கூடாரத்தில் தூங்கி உடம்பையே சுரக்க வைத்தால் தடை இல்லை. இது நியாயமா என்ற விவாதம் 2006-ல் உச்சத்துக்குப் போனது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘வாடா’வின் அறநெறிக் குழு, செயற்கை உயரம் விளையாட்டின் உணர்வுக்கு எதிரானது என்று கருத்துச் சொன்னது. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் கூடிய வாடா, தடைப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. நார்வே தன் வீரர்களுக்குத் தனியாகத் தடை விதித்திருந்தது.

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். செனானை வாடா 2014-லேயே தடை செய்துவிட்டது. போட்டி விளையாட்டு இல்லை என்பதால் மலையேறுபவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. செனானால் மலையில் திறன் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு 2025 ஜனவரியிலேயே எச்சரித்திருந்தது. எவரெஸ்ட் நால்வருக்கு உதவியது செனானா, பல வாரக் கூடாரத் தூக்கமா என்பதை அந்த ஒரு பயணத்தை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது. இதே நோக்கத்துக்காகக் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிப்பதை சைக்கிள் பந்தயங்களின் உலக அமைப்பு 2025-ல் தடை செய்தது. கூடாரம் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கூடாரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. கென்யாவின் இட்டன் ஊரில் பிறந்தவருக்கு 2,400 மீட்டர் உயரம் இலவசம். கடற்கரையில் பிறந்தவர் அதைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன தப்பு? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் பிறந்த எல்லோராலும் லட்சங்களைக் கொடுத்து வாங்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

நமக்கு நிஜ மலையே இருக்கிறதே?

ஆமாம். குயிலாப்பாளையத்தில் மாலை கிளம்பினால் மறுநாள் காலை ஊட்டியில் இருக்கலாம். இந்தியத் தொலைதூர ஓட்டக்காரர்களின் தேசிய முகாம்கள் பல ஆண்டுகள் ஊட்டியில் நடந்திருக்கின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிச்சுற்றுக்குப் போன லலிதா பாபர் அங்கே பயிற்சி பெற்றவர். அவினாஷ் சாப்ளே அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். அந்த ஊரின் உயரம் சுமார் 1,840 மீட்டர். நம்ம குன்னூரும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

தினமும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 50 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஓடிவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியமில்லை. ஆனால் மெதுவான ஓட்டங்களை மேலேயே வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு வேகப் பயிற்சிகளுக்கு மட்டும் கீழே இறங்கும் முறையும் பலன் தரும் என்பதை லெவைன் குழுவே பிறகு காட்டியது.

தமிழ்நாட்டின் தொலைதூர ஓட்டத் திறமை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணன் புதுக்கோட்டைக்காரர். அப்படி ஒரு ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு லட்ச ரூபாய்க் கூடாரம் எட்டாக் கனி. ஊட்டியில் 4 வாரம் தங்க இடமும் நல்ல சாப்பாடும் கிடைத்தால் அதைவிட நம்பகமான பலன் உண்டு. அரசோ நிறுவனங்களோ விளையாட்டுக்குச் செலவழிக்க நினைத்தால், முதல் ரூபாய் போக வேண்டியது அங்கேதான்.

வெயிலே ஒரு பயிற்சிதான், தெரியுமா?

இந்தக் கரையில் உயரம் கிடைக்காது, வெப்பம் கிடைக்கும். வெப்பத்தில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் திரவப் பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், இதயத் துடிப்பு கட்டுக்குள் இருக்கும். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 40 டிகிரியில் 10 நாள் பயிற்சி செய்த சைக்கிள் வீரர்கள் குளிர்ந்த சூழலிலும் முன்னேறினார்கள். ஐந்து வார வெப்பப் பயிற்சியில் ஹீமோகுளோபின் கூடியதாக நார்வே ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். பலன் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன.

அதுக்காக மத்தியான வெயிலில் கிளம்பிவிட வேண்டாம். வெப்பம் உடம்பை எவ்வளவு தேய்க்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. நீங்கள் இங்கேயே வாழ்ந்து, விடியற்காலையில் ஓடுகிறவர் என்றால் வெப்பப் பழக்கத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் உடம்பில் இருக்கிறது. கூடுதலாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

கடைசியில், வாங்கலாமா வேண்டாமா?

வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈ.பி.ஓ. எவ்வளவு சுரந்தாலும், இரும்புச்சத்து இல்லாமல் சிவப்பணு உருவாகாது. செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் கூட்டிவந்த கதைதான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் ஆண்களிலும் நாலில் ஒருவருக்கு இருக்கிறது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பாருங்கள். அது 30-க்குக் கீழே இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யாமல் உயரத்துக்குப் போக வேண்டாம் என்பதே பல விளையாட்டு மருத்துவர்களின் அறிவுரை. சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். இரும்பு அதிகமானாலும் கெடுதல்தான்.

அடுத்தது உங்கள் ஓட்ட நேரம். 4 மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கு, லெவைன் ஆய்வில் கிடைத்த ஒரு சதவீதச் சொச்ச முன்னேற்றம் அப்படியே கிடைத்தால்கூட 3 நிமிடம்தான் குறையும். வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறவர் பொறுமையாக 50-க்கு ஏற்றி, தினம் எட்டு மணி நேரம் தூங்கினால் அதைவிட அதிகம் குறைக்கலாம். மாநில, தேசியப் போட்டிகளில் ஒரு நொடி, இரண்டு நொடியில் பதக்கத்தைத் தவறவிடுபவர்களுக்குத்தான் கூடாரத்தைப் பற்றி யோசிக்கக் காரணம் இருக்கிறது. அவர்களும் பயிற்சியாளர், மருத்துவர் மேற்பார்வையில்தான் இறங்க வேண்டும். இதய, நுரையீரல் பிரச்சினை இருப்பவர்கள், சிக்கிள் செல் மரபணு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

ஜிம்களில் விற்கும் ‘உயர மாஸ்க்’ பற்றியும் ஒரு வார்த்தை. அது மூச்சு விடுவதைக் கடினமாக்குமே தவிர, காற்றிலுள்ள ஆக்சிஜன் விகிதத்தைக் குறைக்காது. அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓடுவதால் சிவப்பணு கூடாது.

குயிலாப்பாளையம் செம்மண் பாதையில் பிப்ரவரியில் ஓடத் திட்டமிருந்தால், இந்த வாரமே ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். ராத்திரி 10 மணிக்கு போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். மிச்சக் காசில் ஊட்டிக்கு டிக்கெட் போட்டாலும் தப்பில்லை.